புனேயில் காவல் துறை மீதான புகாரை விசாரிப்பது யார்?

புனே: காவல் நிலையத்தில் தாக்கப்பட்டதாகவோ சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டதாகவோ கூறும் புனேவாசி ஒருவர், காவல் துறைக்கு வெளியே முறையிடுவதற்கென்றே தனி அமைப்பு உள்ளது. கோட்ட அளவிலான காவல் புகார் ஆணையம் என்பது அதன் பெயர். புனே மாநகராட்சிக்கோ ஜில்லா பரிஷத்துக்கோ அதில் பங்கு இல்லை.

அமெரிக்காவில் கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்துக்கு ஷெரீஃபின் நிதி ஒதுக்கீட்டில் அதிகாரம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி, ஷெரீஃப் துறையைக் கண்காணிக்க 9 உறுப்பினர் கொண்ட குடிமக்கள் ஆணையத்தை 2016-இல் அமைத்தது. சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரத்தை 2020-இல் வாக்காளர்களே அதற்கு அளித்தனர். இந்தியாவில் நிலைமை வேறு. அரசியல் சாசனப்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. 1961-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் இயங்கும் ஜில்லா பரிஷத், ஊரகத் தொடக்கக் கல்வி, சுகாதாரம், சாலைகள் போன்றவற்றைக் கவனிக்கிறது. காவல் நிலையம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

புனே மாவட்டத்திலேயே மூன்று காவல் பிரிவுகள் உள்ளன: புனே மாநகரக் காவல் ஆணையரகம், 2018 ஆகஸ்ட் 15 முதல் செயல்படும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகம், காவல் கண்காணிப்பாளரின் கீழ் உள்ள ஊரகக் காவல் துறை. ஊரகக் காவல் துறை, மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஆட்சியரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆணையரகங்கள் அவ்வாறு உட்பட்டவை அல்ல. எனவே, நகரவாசி ஆட்சியரிடம் அளிக்கும் மனு பெரும்பாலும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்படுவதோடு நின்றுவிடக்கூடும்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பே இந்த ஆணையங்களுக்கு அடிப்படை. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் அவற்றை அமைக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை வகிக்க வேண்டும், பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. மகாராஷ்டிரம் 2014-இல் தனது காவல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் மாவட்டத்துக்குப் பதிலாக வருவாய்க் கோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புனே கோட்டத்தில் புனே, சாதாரா, சாங்லி, சோலாப்பூர், கோலாப்பூர் ஆகிய 5 மாவட்டங்கள் அடங்கும். கோலாப்பூரில் பாதிக்கப்பட்டவருக்கு ஆணையம் சுமார் 230 கி.மீ. தொலைவில் உள்ளது. உச்சநீதிமன்றம் மனத்தில் கொண்டிருந்த அண்மை இதுவல்ல.

காவல் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, முறைகேடான கைது, ஊழல், பணப்பறிப்பு, நில அபகரிப்பு ஆகியவை குறித்து ஆணையம் விசாரிக்கலாம். பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி குடும்பத்தினரும் அவர் சார்பில் பிறரும் புகார் அளிக்கலாம். ஆணையம் தாமாகவும் விசாரணையைத் தொடங்கலாம். கீழ்நிலை அதிகாரிகள் மீதான புகார்கள் கோட்ட ஆணையத்துக்கும், உயரதிகாரிகள் மீதானவை மாநில ஆணையத்துக்கும் செல்லும்.

விசாரணைக்குப் பின் என்ன நடக்கும் என்பதே முக்கியமான கேள்வி. அறிக்கை மாநில அரசுக்குச் செல்கிறது. அரசு அதை ஏற்று ஒழுங்கு நடவடிக்கைக்கோ வழக்குப் பதிவுக்கோ உத்தரவிடலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து நிராகரிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் ஆணையத்திடம் இல்லை.

தமிழகத்தில் 2013-ஆம் ஆண்டின் காவல் சீர்திருத்தச் சட்டம் வேறு வழியில் சென்றது. அங்கு மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைமை வகிக்கின்றனர். தீர்ப்புக்கு முரணானது என்று கூறி இது சென்னை உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது.

ஆணையத்திடம் அளிக்கும் புகார், முதல் தகவல் அறிக்கைக்கு ஈடாகாது. காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தால் காவல் துறை உயரதிகாரியையும், அதன் பின்னரும் தீர்வு இல்லையெனில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தையும் தனியே அணுக வேண்டும்.