வேலைவாய்ப்பு அலுவலகம்

வேலை தேடுவோரின் பெயர்களைப் பதிந்து, காலியிடம் அறிவிக்கும் ஸ்தாபனங்களுக்குத் தகுதியும் பதிவு மூப்பும் பார்த்துப் பரிந்துரைக்கும் அரசு நிலையம். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களை மீண்டும் தொழிலில் அமர்த்தும் பொருட்டு 1945-இல் இந்தியாவில் தோன்றிய இவ்வேற்பாடு, பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கும், 1948 முதல் சகல ஜனங்களுக்கும் விரிந்து, 1956 நவம்பரில் ராஜ்ய சர்க்கார்களின் நிர்வாகத்திற்கு வந்து சேர்ந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடங்களைத் தெரிவிக்குமாறு முதலாளிகளைக் கட்டாயப்படுத்திற்றேயன்றி, அனுப்பப்பட்டவரையே நியமிக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை. இந்த நுட்பம் அறியாமல் ஏமாந்தவர் அநேகர்.

தமிழ்நாட்டில் பள்ளியிறுதித் தேர்வு முடிவு வெளியானதும், சான்றிதழ் நகல்களோடு வரிசையில் நின்று பதிவட்டை பெறுவது வெகுகாலம் ஒரு சம்ஸ்காரம் போலவே நடந்துவந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடுமாதலால், மடிப்புகளில் நைந்த அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டிக்கடியில் காத்தவர்கள், பெரும்பாலும் தாய்மார்களே. நேர்முகக் கடிதம் வருவதற்குள் தலை நரைத்தோரும் உண்டு. பரிந்துரைப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்யவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், மூப்பின் மகத்துவம் குறையலாயிற்று. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிட்டாத ஏழைப் பட்டதாரிக்கு மாநில அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. அதற்கும், தாம் இன்னும் வேலையற்றவரே என்று ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதித் தரவேண்டும்.