பூட்டிய அறையும் வெறும் அறையும்

"சாமான் முடிஞ்சுது" என்று கடைக்காரர் சொன்னால் திருகோணமலையில் அதை யாரும் உடனே நம்புவதில்லை. "உள்ளுக்கு ஒருக்காப் பாருங்கோ முதலாளி" என்றுதான் பதில் வரும். அந்த உள்ளறையில் வேலை பார்த்தவன் நான். 1973இல் நகரத்துச் சங்கக்கடை ஒன்றில் இருப்புப் புத்தகம் எழுதச் சேர்ந்தேன். கூப்பன் அரிசி, சீனி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் என் கையெழுத்தில்தான் கணக்கில் ஏறின, இறங்கின. சனத்தின் சந்தேகத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் பதுக்கல் நடந்திருக்கிறது. கப்பல் வராமல் அறை வெறுமையாய்க் கிடந்ததும் நடந்திருக்கிறது. பெரும்பாலும் வெறும் அறைதான் முதலில் வரும். அதைச் சாட்டாக வைத்துப் பின்னால் பூட்டிய அறை வரும்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கதை 1942இல் தொடங்குகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு கப்பலில் வந்தது, அதிலும் பர்மாவிலிருந்து. அந்த மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை அவர்களுடைய விமானங்கள் எங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சனம் ஊரைவிட்டு ஓடியது, கடைகள் பூட்டப்பட்டன. உயிருக்குப் பயந்து பூட்டியவர் யார், விலை ஏறட்டும் என்று பூட்டியவர் யார் என்று என் பெரியப்பா சாகும்வரை வாதாடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே பங்கீடு வந்தது. உணவு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்கவின் பொறுப்பில், தலைக்கு இவ்வளவு என்று கூப்பனுக்கு அரிசி கொடுத்தார்கள். அது சனத்தின் உரிமையாகவே ஊறிவிட்டது. 1953இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி. கையில் அந்நியச் செலாவணி இல்லை. எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறிக் கிடந்தன. மிளகாய், வெங்காய இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நெல்லை அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கே விற்கவேண்டும். வீதிச் சாவடிகளில் பஸ்ஸை மறித்து அரிசிப் பை தேடினார்கள். தம்பலகாமத்தில் தன் வயலில் விளைந்த அரிசியை வெளிமாவட்டத்தில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோக ஒரு தாய் அதைச் சேலைகளுக்கு நடுவே ஒளிக்கவேண்டியிருந்தது. அவளைப் பதுக்கல்காரி என்று எழுதிய சட்டத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

உண்மையான பதுக்கலை நான் கிட்ட நின்று கண்டிருக்கிறேன். துறைமுக ஊரில் அது லேசான காரியமில்லை. உப்புக்காற்றில் சீனி மூடை கசியும், அடியில் கிடப்பது இறுகிக் கல்லாகும். விலை ஏறும்வரை காத்திருந்து விற்ற சீனியைக் கையில் எடுத்தாலே பிசுபிசுக்கும், உடைத்த கட்டிகள் விரலில் தட்டும். மாவில் புழு வைக்கும். மண்ணெண்ணெய்ப் பீப்பாவை எத்தனை சாக்கால் மூடினாலும் மணம் ஒழுங்கைவரை வரும். ஒருமுறை சோதனைக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் மூடையைப் பிரிக்கவில்லை. குத்தூசியை நடுமூடையில் செருகி இழுத்தார், அதன் குழியில் ஒரு பிடி அரிசி வந்தது. உள்ளங்கையில் கொட்டி மணந்து பார்த்தார், உமித்தூளை ஊதினார், ஒரு வண்டு ஊர்ந்தது. "தம்பி, இது போன மாரியில வந்த அரிசி. கணக்கில போன கிழமை எண்டு கிடக்கு" என்றார். பக்கத்தில் நின்றவருக்கு வேர்த்தது. எங்கள் கடை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. காலையில் இருப்பை அதில் எழுதுவேன்: சீனி இத்தனை மூடை, மா இத்தனை. எழுதிய நாளில் வரிசை அமைதியாக நகரும். மேலிடத்துச் சொல்லுக்காக எழுதாமல் விட்ட நாளில் கைகலப்பு நடக்கும், அன்று கொடுத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும்.

இலண்டனில் இருக்கும் என் பேரன் 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேசன் 5 விளையாட்டுப் பெட்டிக்காக மாதக்கணக்கில் அலைந்தான். "அம்மப்பா, கொம்பனி வேணுமெண்டுதான் ஒளிச்சு வைச்சிருக்கு" என்றான். அந்தச் சந்தேகம் அவன் பிறப்பதற்கு முன்னரே உண்டு. 1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டெனிஸ் எக்கார்ட், நிண்டெண்டோ கொம்பனி வேண்டுமென்றே சரக்கைக் குறைக்கிறது என்று குற்றஞ்சாட்டி விசாரணை கேட்டார். கொம்பனியோ கணினிச் சில்லுத் தட்டுப்பாட்டைக் காட்டியது. 2000இல் பிளேஸ்டேசன் 2 அமெரிக்காவுக்குப் போனபோது முதல்நாளுக்குச் சொன்ன 10 இலட்சம் பெட்டிகளை சோனி 5 இலட்சமாகக் குறைத்தது. உதிரிப்பாகம் போதவில்லை என்றது. 2021இல் சில்லு இல்லாமல் கார்த் தொழிற்சாலைகளே நின்றன, ஆகவே அறை வெறுமையாக இருந்தது உண்மை. ஆனால் வந்த பெட்டிகளைக் கணினி நிரல் வைத்து நொடியில் அள்ளி இரட்டை விலைக்கு விற்றவர்களும் உண்மை. பேரனுக்கு நான் எழுபதுகளின் சீனிக் கதையைச் சொன்னேன். அவனுக்கு உடனே பிடிபட்டது.

உள்நாட்டு யுத்த காலத்துத் தட்டுப்பாட்டைச் சந்தேகிக்கவே தேவையில்லை, அது கட்டளையாக வந்தது. 1990க்குப் பின் வடக்குக்குப் போகக் கூடாத சாமான் பட்டியலில் பற்றறி, சவர்க்காரம், சீமெந்து, உரம், பெற்றோல் எல்லாம் இருந்தன. 2006 யூலையில் எங்கள் மாவட்டத்திலேயே மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள், வயலுக்குத் தண்ணீர் நின்றது. ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கான உணவு எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனது. சீனக்குடாவில் பிறீமா ஆலை மா அரைத்துக்கொண்டிருக்க, கடலுக்கு அப்பால் எங்கள் சொந்தக்காரர் மாவுக்கு வரிசையில் நின்றார்கள்.

2021இல் பழைய பாடம் திரும்ப வந்தது. ஆகஸ்ட் 30ஆம் திகதி அவசரகால விதிகள், சீனிக் களஞ்சியங்களில் சோதனை, கட்டுப்பாட்டு விலை. டொலர் இல்லாமல் இறக்குமதி சுருங்கியது மெய். ஒக்டோபரில் பால்மா, எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் விலைக்கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. ஒரு கிலோ பால்மா 250 ரூபா கூடி 1,195 ரூபாவானது. 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயு 2,750 ரூபாவுக்கு ஏறிப் பின் சற்று இறங்கியது. அந்தக் கிழமை வரை பால்மா இல்லையென்று கைவிரித்த எங்கள் தெருக் கடையொன்றில், புதிய விலைக்குப் பைக்கற்றுகள் அடுக்கியிருந்தன. மேல்தட்டுப் பைக்கற்றில் தூசி இருந்தது.

மறு ஆண்டு எரிபொருள். சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தோம். உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று சத்தியம் செய்தவர் பலர். பெரும்பாலானவை பல தசாப்தங்களாக வெறுமையாகத் துருப்பிடித்தவை. 2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. யாருக்கு எவ்வளவு என்பது வெளியில் தெரிந்ததும் சில கிழமைகளில் வரிசை கரைந்தது.

மீனவரின் மண்ணெண்ணெய்க்கு அப்படியொரு தெளிவு கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது, அதன் பின் மண்ணெண்ணெய் வரத் தொடங்கியது. மசகெண்ணெய் இல்லாமல் சப்புகஸ்கந்தச் சுத்திகரிப்பு நிலையம் அடிக்கடி மூடிக்கிடந்தது ஒரு காரணம். நட்டத்துக்கு விற்க மனமில்லாததும் காரணமோ என்று கரையில் கேட்டார்கள். எந்தக் குதத்தில் எந்த நாள் எத்தனை லீற்றர் இருந்தது என்பதற்கு இருப்புப் புத்தகம் இருக்கும். அதைக் கொண்டுவந்து எங்கள் கடற்கரையில் எவரும் விரித்துக் காட்டவில்லை.