சர்வர் ரூம் கதவுக்குப் பூட்டு வந்த கதை

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை ராத்திரி ஞாபகம் இருக்கா? ஒன்பது மணி தாண்டின நேரம். வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா பக்கத்துல அந்தச் சின்னக் கடிகாரப் படம் மாறவே இல்ல. நான் முதல்ல வீட்டு ரவுட்டரைத்தான் திட்டினேன். ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, அப்புறம் ட்விட்டர் பக்கம் போய்ப் பார்த்தா ஊரே அங்கதான் உட்கார்ந்திருக்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் உலகம் முழுக்க நின்னு போயிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு திரும்பி வர.

அந்தத் தவறு நெட்வொர்க்ல எப்படி நடந்துச்சுன்னு பலரும் பேசிட்டாங்க. வழக்கமான பராமரிப்பு வேலைக்காக ஒருத்தர் கொடுத்த ஒரு கமாண்ட், ஃபேஸ்புக்கோட டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டிச்சிடுச்சு. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில ஒரு பக். சரி, அதை விடுங்க. எனக்கு அந்தக் கதையில மறக்க முடியாத இடம் வேற. ரிமோட்ல எதுவும் வேலை செய்யல, அதனால ஆட்களை நேர்ல டேட்டா சென்டருக்கு அனுப்பினாங்க. அவங்களால சட்டுனு உள்ள போக முடியல.

அடுத்த நாள் ஃபேஸ்புக் உள்கட்டமைப்புப் பிரிவோட துணைத் தலைவர் சந்தோஷ் ஜனார்தன் இதை வெளிப்படையாவே எழுதினார். அந்த இடங்கள் எளிதில் நுழைய முடியாதபடி கட்டப்பட்டவை. உள்ளே போன பிறகும் ரவுட்டர்களில் கை வைப்பது கஷ்டம். இதற்கெல்லாம் நேரம் பிடித்தது என்பது அதன் சாரம். ஆபீஸ் ஊழியர்கள் சிலரோட அடையாள அட்டைகூட வேலை செய்யலன்னு அன்னைக்கே செய்தி வந்துச்சு. கிரைண்டர் வச்சு கூண்டை அறுத்து உள்ள போனாங்கன்னு ஒரு தகவலும் சுத்துச்சு. அது உண்மையில்லன்னு பிறகு திருத்தினாங்க. ஆனா நம்மள்ல பல பேர் கிரைண்டர் கதையைத்தான் இன்னும் சொல்லிட்டு இருக்கோம்.

சொந்த வீட்டுக்காரனையே வெளிய நிறுத்துற அளவுக்கு ஒரு கதவை ஏன் கட்டினோம்? யாருக்குப் பயந்து? அதைத் தேடிப் போனப்போ நான் வந்து நின்ன இடம் ஒரு கதவே இல்ல. ஒரு கண்ணாடி ஜன்னல்.

1948 ஜனவரி, நியூயார்க், 57-ஆவது தெரு. ஐபிஎம் தன்னோட எஸ்எஸ்இசி என்ற ராட்சதக் கணிப்பொறியைத் தரைத்தளத்தில், தெருவில் போறவங்க பார்க்கிற மாதிரி வச்சிருந்தது. நம்ம ஊர் நகைக்கடை ஷோகேஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான வால்வுகள், சுவர் நீளத்துக்கு மின்னுற விளக்குகள். மக்கள் நடைபாதையில நின்னு வேடிக்கை பார்த்தாங்க. செல்லமா 'பாப்பா'ன்னு பேரும் வச்சாங்க, நம்ம பாப்பா இல்ல, அங்க அது அப்பாவைக் கூப்பிடற சொல். ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனுக்கு ஒரே ஒரு குறை. ஹாலுக்கு நடுவுல இருந்த பெரிய கறுப்புத் தூண்கள் அழகைக் கெடுக்குதாம். கட்டடத்தைத் தாங்குற தூணை எடுக்க முடியுமா? விளம்பரப் படத்துல இருந்து மட்டும் அழிச்சிட்டாங்க. ஃபோட்டோஷாப்புக்கு நாப்பது வருஷம் முன்னாடி!

அப்போ கம்ப்யூட்டர்ங்கிறது காட்டிப் பெருமைப்பட வேண்டிய பொருள். அது மேல யாருக்காவது கோபம் வரும்னு யாரும் நினைக்கல. அடுத்த இருபது வருஷமும் பல கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் கணிப்பொறி அறையைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் வச்சிருந்தாங்க. 'கிளாஸ் ஹவுஸ்' என்ற பேரே அப்படி வந்ததுதான்.

இப்போ மான்ட்ரியல் போவோம். கனடா. சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகம்.

1968-ல் கரீபியன் தீவுகளில் இருந்து வந்து படிச்ச ஆறு மாணவர்கள் ஒரு புகார் கொடுத்தாங்க. உயிரியல் ஆசிரியர் ஒருவர் கறுப்பின மாணவர்களுக்கு வேணும்னே மார்க் குறைச்சுப் போடறார் என்பது புகார். நிர்வாகம் இழுத்தது. மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. அந்தக் குழுவுல யார் யார் இருக்கணும்னு எங்ககிட்ட ஒழுங்கா கேட்கலன்னு மாணவர்கள் சொன்னாங்க. 1969 ஜனவரி 29 அன்னைக்கு விசாரணை நடந்துட்டு இருக்கும்போதே வெளிநடப்பு செஞ்சு, 200 பேருக்கு மேல ஹால் கட்டடத்தோட ஒன்பதாவது மாடிக்குப் போனாங்க. அங்கதான் கணிப்பொறி மையம். உள்ள போய் உட்கார்ந்துட்டாங்க.

ஏன் கணிப்பொறி மையம்? அந்தக் காலத்துல ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஒரு மையம்தான். இருக்கிறதிலேயே விலை உயர்ந்த பொருள் அது. நிர்வாகம் மனுஷங்க சொல்றதைக் கேட்கலன்னா, எதுக்கு ஒண்ணு ஆனா பதறுமோ அதுக்குப் பக்கத்துல போய் உட்காரணும். நம்ம ஊர்ல ரயில் மறியல் பண்றதுக்கும் இதே கணக்குதான்.

ரெண்டு வாரம் அமைதியாத்தான் போச்சு. கறுப்பின மாணவர்களும் அவங்களுக்கு ஆதரவான வெள்ளை மாணவர்களும் சேர்ந்தே அங்க இருந்தாங்க. மெஷினை யாரும் தொடல. பிப்ரவரி 10 சாயங்காலம் ஒப்பந்தம் ஆகிடுச்சுன்னு நம்பி பாதிக்கும் மேல வீட்டுக்குப் போயிட்டாங்க. சுமார் நூறு பேர் மட்டும் இருந்தாங்க. ராத்திரியில பேச்சு முறிஞ்சது. நிர்வாகம் கலவரத் தடுப்பு போலீஸைக் கூப்பிட்டது.

பிப்ரவரி 11 விடிகாலை. மாணவர்கள் நாற்காலி மேசையெல்லாம் போட்டு வழியை அடைச்சாங்க. ஒன்பதாவது மாடி ஜன்னல்கள் உடைஞ்சு, பன்ச் கார்டுகளும் டேப்புகளும் தெருவுல கொட்டுச்சு. பன்ச் கார்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: துளை போட்ட அட்டை, ஒரு அட்டைக்கு ப்ரோக்ராம்ல ஒரு வரி. அடுக்கு கலைஞ்சா போச்சு. பேக்கப் கிடையாது, கிட் கிடையாது. அப்புறம் மையத்துல தீப்பிடிச்சது. யார் வச்ச தீ என்பதில் இன்னைக்கு வரைக்கும் தகராறு. புகைக்கு நடுவுல மாணவர்கள் மாட்டிக்கிட்டு இருக்கும்போது, கீழ தெருவுல நின்ன கூட்டத்துல சிலர் அவங்களை எரிய விடுங்கன்னு இனவெறியோட கத்தினாங்க. 97 பேர் கைது. சேதம் 20 லட்சம் டாலர்னு கணக்கு. மறுநாளே அந்த ஆசிரியர் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்.

கைதாகி ஜெயிலுக்குப் போனவர்களில் ரூஸ்வெல்ட் டக்ளஸ் என்பவர் 2000-ல் டொமினிகா நாட்டின் பிரதமர் ஆனார். இன்னொருத்தர் ஆன் கூல்ஸ், 1984-ல் கனடா செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர். இந்த வழக்கை எதிர்த்து டிரினிடாட்ல 1970-ல் நடந்த ஊர்வலம் அந்த நாட்டையே உலுக்கின ஒரு போராட்டத்துக்குத் தொடக்கமா இருந்துச்சு. ஒரு சர்வர் ரூம் கதையில இவ்வளவு வரும்னு நானும் எதிர்பார்க்கல.

அடுத்த வருஷம் நியூயார்க். 1970 மே, வியட்நாம் போருக்கு எதிரா அமெரிக்கக் கல்லூரிகள் கொதிச்சிட்டு இருந்த நேரம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான்ட் கணித நிறுவனத்தில் சிடிசி 6600 என்ற கணிப்பொறி இருந்தது. அதுக்குச் சொந்தக்காரர் அமெரிக்க அணுசக்தி ஆணையம். போராட்டக்காரர்கள் கட்டடத்தைப் பிடிச்சு, பிளாக் பேந்தர் அமைப்பைச் சேர்ந்தவரின் ஜாமீனுக்கு 1,00,000 டாலர் கொடுத்தா கணிப்பொறியை விடறோம்னாங்க. பணம் வரல. போகும்போது மெஷின் மேல தீக்குண்டு வச்சு, மெதுவா எரியற திரியைக் கொளுத்திட்டுப் போனாங்க. பீட்டர் லாக்ஸ் உட்பட சில கணிதப் பேராசிரியர்கள் மாடிக்கு ஓடிப்போய்த் திரியை அணைச்சாங்க. 2005-ல் ஏபெல் பரிசு வாங்கின அதே லாக்ஸ்தான். இன்னைக்கு யாராவது அப்படி ஓடினா எச்ஆர்ல இருந்து மெமோ வரும்.

இந்த ரெண்டு மூணு வருஷத்தோட ஷோகேஸ் காலம் முடிஞ்சது. கண்ணாடி போய் சுவர் வந்தது. தரைத்தளம் போய், பெயர்ப் பலகை இல்லாத கட்டடம் வந்தது. உள்ள போக அட்டை வேணும்னு ஆச்சு.

அந்த அட்டைக்கும் ஒரு குட்டிக் கதை. காந்தப் பட்டை போட்ட அட்டையைச் செஞ்சவர் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பேரி. 1960-களின் தொடக்கத்துல, சிஐஏ ஊழியர்களின் அடையாள அட்டைக்காக. டேப் துண்டை அட்டையில எந்தப் பசை போட்டாலும் சரியா ஒட்டல. வீட்டுல துணி தேய்ச்சிட்டு இருந்த மனைவி இஸ்திரிப் பெட்டியால அழுத்திப் பார்க்கச் சொன்னாங்களாம். ஒட்டிடுச்சு. அதாவது அந்தப் பட்டை ஏடிஎம் கார்டுக்கு முன்னாடியே கதவுக்காகப் பிறந்தது. நம்ம கழுத்துல தொங்குற, தேய்க்காம காட்டினாலே பீப் அடிக்கிற அட்டையோட தாத்தா 1973-ல் சார்லஸ் வால்டன் வாங்கின பேடன்ட். அட்டைக்குள்ள பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புற ரேடியோ அலையில இருந்தே சக்தியை எடுத்துக்கிட்டுத் தன் நம்பரைச் சொல்லும். பூட்டுக் கம்பெனி ஒண்ணு அதை வாங்கிக் கதவுல மாட்டுச்சு.

அட்டை வந்தா பிரச்சினை தீர்ந்ததா? 2007-ல் சிகாகோவுல ஒரு டேட்டா சென்டர் கொள்ளை. கதவைத் தொடவே இல்ல. பக்கத்துச் சுவரை மின்ரம்பத்தால அறுத்துட்டு வந்தாங்க. ராத்திரிப் பணியில இருந்தவரை டேசரால அடிச்சுக் கட்டிப்போட்டு, சர்வர்களைத் தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு வருஷத்துல அதே இடத்துல நாலாவது தடவை! அதே வருஷம் டிசம்பர்ல லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கத்துல இன்னொண்ணு. போலீஸ் உடுப்புல வந்தவங்க, கூரை மேல ஆள் நடமாட்டம்னு புகார் வந்திருக்குன்னு சொன்னாங்க. ஊழியர்களே கதவைத் திறந்தாங்க. அஞ்சு பேரைக் கட்டிப்போட்டுட்டு வேலையை முடிச்சாங்க.

இதனாலதான் இன்னைக்குப் பெரிய டேட்டா சென்டர்ல அடுக்கு அடுக்கா இருக்கும். வெளி கேட், ரிசப்ஷன், அப்புறம் மேன்ட்ராப். மேன்ட்ராப்னா ரெண்டு கதவுக்கு நடுவுல ஒரு சின்னக் கூண்டு. முதல் கதவு மூடினாத்தான் அடுத்தது திறக்கும், ஒரு ஆளுக்குத்தான் இடம். முன்னாடி போறவர் கதவைப் பிடிச்சுக்க, பின்னாடி நாம நைசா நுழையற வேலை அங்க நடக்காது. அதைத் தாண்டி கம்பிக் கூண்டு, கூண்டுக்குள்ள ரேக்குக்குத் தனிப் பூட்டு.

ஆனா ஒரு கேள்விக்குப் பதில் முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கணும். கரன்ட் போனா அந்தப் பூட்டு என்ன பண்ணணும்? காந்தப் பூட்டுன்னா திறந்துக்கும். உள்ள தீ வந்தா ஆள் தப்பிக்கலாம், ஆனா மெயின் லைனை வெட்டினவன் சாவகாசமா நடந்து உள்ள வரலாம். இன்னொரு வகைப் பூட்டு கரன்ட் போனா பூட்டியே இருக்கும். உள்ள இருந்து கைப்பிடியைத் திருகினா திறக்கணும், அது கட்டாயம். வெளிய இருக்கிறவங்க நிலைமைதான் திண்டாட்டம்.

நான் வெளிய நின்னிருக்கேன். முதல் வேலை, ஒரு சின்னக் கம்பெனி, பேர் வேண்டாம். ஒரு ராத்திரி சர்வர் ரூம் யுபிஎஸ் கவுந்துச்சு. ஷிஃப்ட்ல நான் ஒருத்தன்தான். ஓடிப்போய் அட்டையைக் காட்டினா சிவப்பு லைட். மறுபடி காட்டினேன், சிவப்பு. அப்புறம்தான் உறைச்சது. எந்த அட்டையை உள்ள விடலாம்னு முடிவு பண்ற மென்பொருள் ஓடுறதே உள்ள இருக்கிற சர்வர்ல. அந்தச் சர்வர்தான் படுத்திருக்கு. அதை எழுப்பத்தான் நான் வந்திருக்கேன். அதை அந்த ரூம்லயே வைக்கலாம்னு மீட்டிங்ல தலையாட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

கீழ செக்யூரிட்டி அண்ணன்கிட்ட ஓடினேன். அவர்கிட்ட சாவி இருந்துச்சு, சாதா இரும்புச் சாவி, டிராயர்ல ஒரு கவர்ல. அரக்கு வச்ச கவர். தினமும் எனக்கு வணக்கம் சொல்ற மனுஷன். "தம்பி, ஐடி கார்டு காட்டுங்க"ன்னார். காட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உங்க மேனேஜர் நம்பரை நீங்க சொல்லாதீங்க, என் லிஸ்ட்ல இருக்கு"ன்னு சொல்லி அவரே போன் போட்டார். மேனேஜர் நாலாவது ரிங்ல எடுத்தார். அப்புறம்தான் அரக்கு உடைஞ்சது.

எனக்கு அப்போ வந்த எரிச்சல் இருக்கே! அந்தக் கிங்ஸ் கிராஸ் கதையைப் படிச்சப்போதான் அண்ணனோட அந்த லிஸ்ட் ஞாபகம் வந்துச்சு. ரூமைத் திறந்துவிட்டு, சாவியைத் திரும்ப வாங்கிக்கிட்டு, ரெஜிஸ்டரை நீட்டினார். பேர், நேரம், காரணம். மணி 2.40. காரணம்ங்கிற இடத்துல 'சர்வர் டவுன்'னு எழுதினேன். படிச்சுப் பார்த்துட்டு, "கதவும்தானே தம்பி டவுன், அதையும் எழுதுங்க"ன்னார். எழுதினேன்.

ஒண்ணு விட்டுப்போச்சு, மான்ட்ரியல். சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1974-ல் இன்னொரு கல்லூரியோட இணைஞ்சு கன்கார்டியா பல்கலைக்கழகம் ஆனது. அந்த ஆறு மாணவர்களோட புகாரை அன்னைக்குக் கையாண்ட விதத்துக்காகவும், அதனால நடந்ததுக்காகவும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2022 அக்டோபர்ல. 53 வருஷம் கழிச்சு.