பாஸ் இருக்கு, சீட் இல்லை

1972இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் இண்டர்ரெயில் என்ற பாஸை விற்கத் தொடங்கின. 21 நாடுகள், ஒரு மாதம், 21 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டும். சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக வந்த திட்டம். இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், விடவே இல்லை.

அன்றைக்கு ரயில் ஏறுவது சுலபம். ஆறு பேர் உட்காரும் அறைகள். யாராவது முன்பதிவு செய்திருந்தால் அறைவாசலில் ஒரு துண்டுச்சீட்டு செருகியிருக்கும். சீட்டு இல்லாத இடம் உங்களுடையது. அதுவும் கிடைக்கலையா, நடைவழியில் பையைப் போட்டு அதன்மேல் உட்கார வேண்டியதுதான். விடுதிக்குக் காசில்லாதவர்கள் இரவு ரயிலிலேயே தூங்கினார்கள். காலையில் கண்விழிக்கும் ஊர்தான் அன்றைய ஊர்.

1981 செப்டம்பரில் பாரிஸ்–லியோன் பாதையில் டிஜிவி வந்தது. மணிக்கு 260 கிலோமீட்டர். முன்பதிவு இல்லாமல் ஏற முடியாது. 1992இல் வந்த மாட்ரிட்–செவில்லே அதிவேக ரயிலிலும் இதே கதை. பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு. பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துபோனால், பக்கத்து இருக்கை காலியாகப் போனாலும் உங்களுக்கு இல்லை!

வேகத்தைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த பாஸ் விற்றது வேகத்தை அல்ல; காலையில் மனம் மாறும் சுதந்திரத்தை.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் இப்போதும் சும்மா ஏறலாம். பாரிஸிலிருந்தும் டிஜோன் வழியாக லியோனுக்கு முன்பதிவு கேட்காத ரயில் ஒன்று போகிறது. டிஜிவிக்கு இரண்டு மணி நேரம், இதற்குச் சுமார் ஐந்து.