ஸ்கூட்டாரி வைத்தியசாலையும் ஒரு பத்திரிகை நிருபரும்

ஆண்டுதோறும் மே 12 ஆம் திகதி சர்வதேச தாதியர் தினம் வரும்போது நமது பத்திரிகைகளில் 'கைவிளக்கேந்திய காரிகை' பற்றிய கட்டுரையொன்று தவறாது இடம்பெறும். பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்த என்னை, புளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கைக் காட்டிலும் அவரது கணக்கேடே அதிகம் கவர்ந்தது என்று சொல்லவேண்டும்.

கிரைமிய யுத்தச் செய்திகள் என்றதும் லண்டன் 'டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹவார்ட் ரசலின் பெயரே நினைவுக்கு வரும். ரசல் போர்முனையில் இருந்தவர். ஸ்கூட்டாரி வைத்தியசாலையில் காயமுற்ற படைவீரர்களுக்குப் போதிய வைத்தியர்களோ, தாதியரோ, கட்டுப்போடத் துணியோ இல்லை என்பதை 1854 ஒக்டோபர் 12 ஆம் திகதி வெளியான செய்தி மூலம் உலகறியச் செய்தவர், கொன்ஸ்டான்டிநோபிளில் இருந்த அதே பத்திரிகையின் நிருபர் தோமஸ் செனரி. பின்னாளில், 1877 இல், அவர் அப்பத்திரிகையின் ஆசிரியரானார். ஆயினும் இன்று அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. எங்கள் தொழிலில் இது புதுமையல்ல.

செய்தி வெளியானதும் பிரித்தானிய மக்கள் கொதித்தெழுந்தனர். அமைச்சர் சிட்னி ஹேர்பேர்ட்டின் வேண்டுகோளின்பேரில் நைட்டிங்கேல் 38 தாதியருடன் நவம்பர் 4 ஆம் திகதி ஸ்கூட்டாரியை அடைந்தார். சமையலறை, சலவை, துணிமணி, படுக்கை எனச் சகலதையும் ஒழுங்குபடுத்தினார்.

அதன் பின்னர் நடந்ததைத்தான் நமது கட்டுரைகள் எழுதுவதில்லை. மரணங்கள் குறையவில்லை, கூடின. 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றவர்களில் மரணவீதம் 42.7 ஆக இருந்தது. காயத்தால் இறந்தோரைவிட வயிற்றோட்டம், காய்ச்சல், கொலரா ஆகியவற்றால் இறந்தோரே மிக அதிகம். மார்ச் மாதம் அரசாங்கம் அனுப்பிய சுகாதார ஆணைக்குழுவினர் வந்து பார்த்தபோது, கட்டடத்தின் அடியிலிருந்த கழிவு வாய்க்கால்கள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வந்த வழியில் செத்த குதிரையொன்று கிடந்தது. அவர்கள் வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் செய்து, சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். யூன் மாதத்தில் வீதம் 2.2 ஆக வீழ்ந்தது.

1856 இல் நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளிவிபரவியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து இந்த எண்களை ஆராய்ந்தார். தமது வைத்தியசாலையின் நிலைமையே அத்தனை பேரைப் பலிகொண்டது என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார் என ஹியூ ஸ்மோல் 1998 இல் வெளியான நூலில் வாதிட்டார். வேறு ஆய்வாளர்கள் இதனை மறுக்கின்றனர். எப்போது உணர்ந்தார் என்பது எனக்கு அத்துணை முக்கியமாகப் படவில்லை. தாம் பொறுப்பிலிருந்த இடத்தின் மரணக் கணக்கைத் தாமே அச்சிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பிவைத்தார் என்பதே பெரிது. 1858 இல் வெளிவந்த அந்த வட்ட வரைபடத்தில் நீலம் தடுத்திருக்கக்கூடிய நோய்களையும், சிவப்பு காயங்களையும், கறுப்பு ஏனைய காரணங்களையும் குறித்தன. நீலமே வரைபடத்தை விழுங்கி நிற்கும். அட்டவணையைப் படிக்கப் பொறுமையில்லாத அமைச்சருக்கும் அது புரிந்திருக்கும்.

பொதுமக்கள் அளித்த நிதி சுமார் 45,000 பவுண். அதனைக் கொண்டு 1860 இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. இதனை எல்லோரும் அறிவர்.

அதிகம் பேசப்படாத சர்ச்சையொன்றும் உண்டு. 1863 இல் தமது வைத்தியசாலைகள் பற்றிய நூலின் புதிய பதிப்பில் ஃபாரின் கணக்கொன்றைச் சேர்த்து, லண்டனின் 24 வைத்தியசாலைகளில் மரணவீதம் 90.84 என்று காட்டினார். வைத்தியர்கள் சீறினர். அவர்களது சீற்றத்தில் நியாயம் இருந்தது: ஆண்டு முழுவதும் நிகழ்ந்த மரணங்களை, ஒரேயொரு நாளில் கட்டிலில் இருந்தோரின் எண்ணிக்கையால் பிரித்தால் வேறென்ன வரும்? ஒரு கட்டிலில் ஆண்டொன்றுக்குப் பலர் படுத்தெழும்புவர் அல்லவா! ஆயினும் வைத்தியசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்கவேண்டும் என்ற கேள்வி அந்தச் சண்டையினால்தான் மருத்துவ ஏடுகளில் சூடுபிடித்தது.

அதே 1863 இல், குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேசிகளிடையே நிகழ்ந்த மரணங்கள் பற்றி, அரசாங்க வழியாகப் படிவங்கள் அனுப்பித் திரட்டிய விபரங்களையும் அவர் வெளியிட்டார். இலங்கையும் அவற்றுள் ஒன்று. வந்துசேர்ந்த பதிவுகள் அரைகுறையாக இருந்ததாக அவர் குறைப்பட்டுக்கொண்டார்.