வேலை நேரத்தில் கற்ற மொழி: சுவீடனில் குடியேறிய தொழிலாளரும் அன்றாட சுவீடிஷும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவீடனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. பின்லாந்து, யூகோஸ்லாவியா, கிரீஸ், துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். இவர்கள் சுவீடிஷ் கற்ற வரலாறு பெரும்பாலும் பாடத்திட்டங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அது பாதிக் கதைதான். வகுப்பறை திறக்கும் முன்பே மொழி தன் வாசலை அகலப்படுத்திக்கொண்டிருந்தது என்பதும், வகுப்புக்குப் போக நேரம் கிடைத்தது ஒரு தொழிலாளர் சட்டத்தால் என்பதும் மீதிக் கதை.

எழுத்தில்தான் முதல் மாற்றம் வந்தது. 'வ' என்ற ஒரே ஒலியைச் சொல்லுக்குச் சொல் வெவ்வேறு விதமாக எழுதிவந்த வழக்கத்தை, கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் ஃப்ரிட்யூவ் பெர்க் 1906இல் பள்ளிகளில் மாற்றினார். அடுத்து வினைச்சொல். பேச்சில் 'நான்', 'நாம்', 'அவர்கள்' எல்லாவற்றுக்கும் ஒரே வினைவடிவம் போதும். எழுத்தில் மட்டும் பன்மைக்குத் தனி வடிவம் நீடித்தது. செய்தி நிறுவனமான டிடி 1945இல் அதைக் கைவிட்டது. ஆகவே 1960களில் வந்த தொழிலாளியால், பட்டறையில் காதில் விழுந்ததை ஏறக்குறைய அப்படியே செய்தித்தாளில் படிக்க முடிந்தது. திணைக்கும் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினைமுற்றை மாற்றிப் பழகிய நமக்கு இந்தச் சலுகையின் பெறுமதி எளிதில் விளங்கும்.

ஆனால், பெரிய தடை விளிப்பதில் இருந்தது. சுவீடிஷில் 'நி' என்ற சொல் உண்டு. நம் 'நீங்கள்' போலத் தோன்றும். ஆனால் அது மரியாதைச் சொல்லாக நிலைபெறவில்லை. பட்டமோ பதவியோ இல்லாதவரிடம் பேசும் சொல் என்ற தொனி அதில் ஏறிவிட்டதால், கேட்டவர் முகம் சுளித்தார். எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடமே "டாக்டர் காபி சாப்பிடுவாரா?" என்று படர்க்கையில் கேட்பதே முறையாக இருந்தது. பதவி தெரியாவிட்டால், ஆளைக் குறிக்காமலேயே வாக்கியத்தை வளைத்து "இன்னும் கொஞ்சம் காபி இருக்கலாமா?" என்ற வகையில் பேசிச் சமாளித்தார்கள். மொழிக்குப் புதியவருக்கு இது எவ்வளவு பெரிய சுமை! ஒரு கோப்பை காபி கொடுக்கவும் எதிராளியின் சமூகப் படிநிலை தெரிந்திருக்க வேண்டும்.

1967இல் அரசின் மருத்துவ வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் 'டு' (நீ) என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றத்தைத் தொடங்கியவர் அவரல்லர். ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவர் அடையாளமானார் என்பதே பொருத்தம். 1969இல் பிரதமரான ஒலோஃப் பால்மேயைப் பத்திரிகையாளர்களும் 'டு' என்றே விளித்தனர். சில ஆண்டுகளில் நாடே அதற்குப் பழகிவிட்டது. குடியேறியோருக்கு எந்தப் பாடநூலையும் விட இது பெரிய உதவி என்றே கருதுகிறேன். அவர்களை மனத்தில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை என்பது இதன் மதிப்பைக் குறைக்காது.

அரசு 1965இல் இலவச சுவீடிஷ் வகுப்புகளுக்கு நிதி ஒதுக்கியது. முதியோர் கல்விச் சங்கங்கள் அவற்றை நடத்தின. ஷிப்டு முடித்து ஓய்ந்துபோய் வருபவர் மாலை வகுப்பில் எவ்வளவு கற்பார்? 1972இல் இயற்றப்பட்டு 1973 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு விடை தந்தது: குடியேறிய தொழிலாளர் சம்பளத்துடன் 240 மணி நேரம் சுவீடிஷ் கற்கலாம், அந்த நேரத்துக்கான ஊதியத்தை முதலாளி தர வேண்டும். மொழி கற்பது புதியவரின் சொந்தப் பாடு என்ற எண்ணம் இங்கே உடைந்தது. 1986இல் இந்தக் கல்விக்கு நகராட்சிகள் பொறுப்பேற்றதிலிருந்து 'எஸ்.எஃப்.ஐ.' (குடியேறியோருக்கான சுவீடிஷ்) என்று இன்று அறியப்படும் அமைப்பு உருப்பெற்றது.

இதே காலத்தில் உருவானது லெக்சின் அகராதி. தாய்மொழியாளர் அரிய சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டுவார். கற்பவரோ சாதாரணச் சொல்லில்தான் இடறுவார். 'ஹெல்சா போ' என்பதை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் முதற்சொல்லில் விழுந்தால் வணக்கம் சொல்வது. 'போ'வில் விழுந்தால் ஒருவரைப் போய்ப் பார்ப்பது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. லெக்சின் உச்சரிப்பையும் சொல் திரியும் விதத்தையும் எடுத்துக்காட்டுகளையும் கூட்டுச்சொற்களையும் தந்ததோடு, வேலைவாய்ப்பு அலுவலகம், சமூகக் காப்பீடு போன்ற அன்றாட நிர்வாகச் சொற்களையும் சேர்த்துக்கொண்டது. நார்வே இம்முறையைத் தன் மொழிக்குக் கைக்கொண்டபோது, அங்கே குடியேறிய ஈழத்தமிழருக்காகத் தமிழும் அந்த அகராதிக்குள் இடம்பெற்றது.

கற்றவர்களின் பிள்ளைகள் மொழிக்கும் கொடுத்தார்கள். ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி புறநகர் இளைஞர் பேச்சை 1980களில் மொழியியலாளர் உல்லா-பிரிட் கொட்சினாஸ் ஆராய்ந்தார். அதைச் சிதைந்த சுவீடிஷ் என்று ஒதுக்காமல், தனக்கென ஒழுங்குள்ள ஒரு பேச்சுவகையாக அவர் அணுகினார். துருக்கி மொழியிலிருந்து வந்த, பெண்ணைக் குறிக்கும் 'குஸ்' என்ற சொல்லும், 'மோசம்' என்ற பொருள்படும் 'கெஃப்' என்ற சொல்லும் சுவீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலில் 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றன.