விளையாட்டுக் கருவியின் விலையும் மதிப்பும்

ஒரு பொருளுக்கு விலை ஒன்று, மதிப்பு மற்றொன்று. விலையைக் கடைக்காரர் சீட்டில் எழுதி ஒட்டிவிடுகிறார். மதிப்பையோ, வாங்கியவர் வீட்டார் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை விளக்க எத்தனையோ பொருள்களை எடுத்துக்காட்டலாம். எனினும், நம் மாணவர் நெஞ்சைக் கவர்ந்த பொருளொன்றை எடுத்துக்கொண்டால் பாடம் எளிதில் மனத்திற் பதியும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்படும் வீடியோ விளையாட்டுக் கருவியே அப்பொருள்.

பள்ளி விடுமுறை நெருங்கும்போது புதிய கருவி வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்பதும், சம்பளச் சீட்டைப் பார்த்துப் பெற்றோர் பெருமூச்செறிவதும் நாம் அறிந்தனவே. வேண்டும் என்பார் ஒருபுறம். வீண் என்பார் மறுபுறம். இருசாராரும் அக்கருவியின் வரலாற்றைச் சற்றே அறிவாராயின் வழக்கு எளிதாகும். அரை நூற்றாண்டைக் கடந்த அவ்வரலாற்றை, விலை என்னும் ஒரே இழையைப் பற்றிக்கொண்டு காண்போம்.

முதற் கருவிகள்

ரால்ஃப் பேயர் என்பார் ஜெர்மனியிலிருந்து இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். தொலைக்காட்சியைப் பார்ப்பதோடு நில்லாமல், அதில் ஆடவும் இயலாதா என்னும் எண்ணம் 1966ஆம் ஆண்டில் அவர் உள்ளத்தில் உதித்தது. அவ்வெண்ணமே 1972ஆம் ஆண்டில் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் ‘ஒடிசி’ என்னும் கருவியாக விற்பனைக்கு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 100 டாலர். இன்றைய மதிப்பில் அது 700 டாலருக்கும் மேற்பட்டது.

அவ்விலைக்குக் கிடைத்தது யாது? திரையில் அசையும் சில வெண்புள்ளிகள், ஒலியில்லை, வண்ணமில்லை. வெற்றிப் புள்ளிகளை ஆடுவோரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வண்ணப் படங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களைத் தொலைக்காட்சித் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு ஆடினர். பகடையும் சீட்டும் விளையாட்டுப் பணத்தாளும் அப்பெட்டிக்குள்ளேயே இருந்தன. துப்பாக்கி வடிவக் கருவி வேண்டுமெனில் அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பெட்டியின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்னும் இலக்கணம் முதற் கருவியிலேயே பிறந்துவிட்டது எனலாம். ஏறத்தாழ மூன்றரை இலட்சம் கருவிகள் விற்றதோடு ஒடிசியின் வாழ்வு முடிந்தது.

1975ஆம் ஆண்டில் அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ வீட்டுக் கருவியாக வெளிவந்தது. விலை மீண்டும் 100 டாலரை ஒட்டியதே. ஆயினும், அதில் ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றே ஒன்று. அது சலித்தபோது கருவியும் பரணுக்குச் சென்றது.

இக்குறையைத் தீர்த்தது 1976ஆம் ஆண்டில் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட கருவி. ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் உருவான அதில், கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பேழைகளை மாற்றி மாற்றிச் செருகிப் புதிய விளையாட்டுகளை ஆட முடிந்தது. கருவி வேறு, விளையாட்டு வேறு எனப் பிரிந்த நாள் அதுவே. அடுத்த ஆண்டில் அடாரி நிறுவனமும் இம்முறையைப் பின்பற்றி ஏறத்தாழ 200 டாலருக்கு ஒரு கருவியை வெளியிட்டது. முதலில் மந்தமாக விற்ற அது, கூடங்களில் புகழ்பெற்றிருந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு 1980ஆம் ஆண்டில் அதற்கென வெளிவந்ததும் பன்மடங்கு விற்கலாயிற்று. விளையாட்டொன்றை விரும்பியவர்கள் அதன்பொருட்டே கருவியை வாங்கினர். கருவிக்கு மதிப்பைத் தருவது அதனுள் செருகப்படும் விளையாட்டே என்பது அன்று விளங்கிற்று.

மண்ணில் புதைந்த சரக்கு

இவ்வுண்மையை மறந்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பல நிறுவனங்கள் அடாரி கருவிக்கென விளையாட்டுகளைச் செய்து குவித்தன. நல்லது எது, நாலாந்தரம் எது என்று வாங்குவோர் அறிய வழியில்லை. 1982ஆம் ஆண்டின் இறுதியில், புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றைத் தழுவிய ‘ஈ.டி.’ என்னும் விளையாட்டை அடாரி வெளியிட்டது. கோடிக்கணக்கான டாலர் கொடுத்து உரிமம் பெற்ற அவ்விளையாட்டை எழுதுவதற்குக் கிடைத்த காலமோ ஏறத்தாழ ஐந்தே வாரம். இலட்சக்கணக்கான பேழைகள் விற்காமல் தேங்கின. 1983ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 50 கோடி டாலருக்கும் மேல் நட்டமடைந்தது. விற்காத சரக்கின் ஒரு பகுதி நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. கட்டுக்கதை என்றே பலரும் எண்ணியிருந்த அச்செய்தி, 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தை அகழ்ந்தபோது மெய்யென உறுதியாயிற்று.

அக்காலத்தில் கடைகளில் கருவியும் பேழையும் மலிந்து கிடந்தன. முன்பு முப்பது டாலர் அளவில் விற்ற பேழைகள் ஐந்து டாலருக்கும் குறைந்தன. எனினும் வாங்குவார் இல்லை. மதிப்பு போனபின் விலையைக் குறைத்துப் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யானையும் தீனியும்

அமெரிக்காவில் வணிகம் சரிந்த அதே 1983ஆம் ஆண்டில், ஜூலை 15ஆம் நாள், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்னும் கருவியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. போட்டியாளரால் நெருங்க முடியாத விலைக்கு அதை விற்க வேண்டும் என்பது நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கட்டளை. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற அக்கருவியில் பூட்டுப் போன்ற ஒரு சில்லு பொருத்தப்பட்டது. நின்டெண்டோவின் ஒப்புதல் பெறாத பேழை அதில் இயங்காது. பிற நிறுவனங்கள் விளையாட்டுகளைச் செய்யலாம்; ஆயின் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும்; பேழைகளை நின்டெண்டோவிடமே செய்து வாங்கவும் வேண்டும்.

யானையை வாங்குவது பெரிதன்று, கட்டித் தீனி போடுவதே பெரிது என்பர் நம் முன்னோர். யானையைக் குறைந்த விலைக்குக் கொடுத்துத் தீனியில் ஆதாயம் காணும் வணிகமுறை இவ்வாறு வேரூன்றியது. பின்வந்த நிறுவனங்கள் பலவும் கருவியை அடக்கவிலைக்கோ அதனினும் குறைந்த விலைக்கோ விற்று, ஒவ்வொரு விளையாட்டின் விலையிலும் தமக்கென ஒரு பங்கைப் பெற்று அந்நட்டத்தை ஈடுசெய்தன.

இம்முறையை மாற்ற முயன்றது 1993ஆம் ஆண்டில் வந்த ‘3டிஓ’ கருவி. விளையாட்டு ஒன்றுக்கு 3 டாலர் மட்டுமே உரிமக் கட்டணம் எனவும், கருவியைப் பல நிறுவனங்களும் செய்து விற்கலாம் எனவும் அதன் நிறுவனர் டிரிப் ஹாக்கின்ஸ் ஏற்பாடு செய்தார். தீனியில் ஆதாயமில்லாதபோது யானையை யார் மலிவாகக் கொடுப்பார்? கருவியைச் செய்தவர்கள் தம் ஆதாயத்தை அதன் விலையிலேயே வைத்தனர். விலை 700 டாலராயிற்று. சில ஆண்டுகளிலேயே 3டிஓ சந்தையினின்றும் மறைந்தது. நாம் கடையில் காணும் குறைந்த விலை, பின்னர் நாம் செலுத்தப்போகும் தொகையை நம்பி வைக்கப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

மலிவும் மதிப்பும்

அவ்வாறாயின் விலை குறைந்த கருவியே வெல்லுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1995ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் தன் ‘சேட்டர்ன்’ கருவியை 399 டாலருக்கு வெளியிட்ட நாளிலேயே, தன் ‘பிளேஸ்டேஷன்’ விலை 299 என்று அறிவித்தது சோனி நிறுவனம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்கள் விற்றன. சேகா பாடம் கற்றது; 1999ஆம் ஆண்டில் ‘டிரீம்காஸ்ட்’ கருவியை அமெரிக்காவில் 199 டாலருக்கே கொடுத்தது. எனினும் 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதனினும் உயர்ந்த விலைக்கு வந்த ‘பிளேஸ்டேஷன் 2’ அதை வென்றது. அக்கருவி டிவிடி திரைப்படங்களையும் ஓட்டியது. பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளையும் ஏற்றது. வீட்டில் முன்பே வாங்கி வைத்த விளையாட்டுகள் வீணாகவில்லை. ஏறத்தாழ 16 கோடி கருவிகள் விற்றமைக்கு இவையும் காரணங்களாம்.

2006ஆம் ஆண்டில் சோனியே ‘பிளேஸ்டேஷன் 3’ கருவிக்கு 499, 599 டாலர் என இருவிலை வைத்தது. அதைச் செய்யும் செலவு 800 டாலருக்கும் மேல் என ஆய்வு நிறுவனமொன்று மதிப்பிட்டது. வாங்கியவருக்கும் சுமை, விற்றவருக்கும் நட்டம். அதே மாதத்தில் நின்டெண்டோவின் ‘வீ’ 250 டாலருக்கு வந்தது. படத்தின் கூர்மையில் அது பின்தங்கியதே. ஆயினும், கையை வீசிப் பந்தாடும் விளையாட்டு உடன் கிடைத்தமையால் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடினர். ஒருவர் ஆடும் பொருளை வீட்டார் அனைவரும் ஆடும்போது செலவு பெருகாமலே மதிப்பு பெருகுகிறது.

பொறுத்திருந்தவர் நிலையையும் காண்போம். 599 டாலர் கொடுத்து வாங்கியவர் வீட்டுக்கு அடுத்த வீட்டார், மூன்று ஆண்டு கழித்து 2009ஆம் ஆண்டில் 299 டாலருக்குப் பிளேஸ்டேஷன் 3 வாங்க முடிந்தது. அதற்குள் நல்ல விளையாட்டுகளும் பெருகியிருந்தன. பொறுத்தார் பாதிப் பணத்தில் முழுப்பயன் பெற்றார்.

நம் மலேசியாவிலும் 1990களில் பல வீடுகளுக்கு வந்தது மூலக் கருவியன்று. ஃபேமிகாமை ஒத்துத் தைவானில் செய்யப்பட்ட ‘மைக்ரோ ஜீனியஸ்’ போன்றவையே. ஒரே பேழையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என உறையில் அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே பெயர் மாறி மீண்டும் மீண்டும் வரும். ஆயினும் குறைந்த வருவாயுள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் ஆட அவை வழிசெய்தன.

மாறிய காலம்

பொறுத்திருந்தால் விலை குறையும் என்னும் பழைய விதி அண்மைக்காலத்தில் தளர்ந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த ‘பிளேஸ்டேஷன் 5’, ஐந்தாண்டு கழித்து 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 549 டாலராக உயர்த்தப்பட்டது. பழையதாகும் பொருளின் விலை ஏறுவது இத்துறையில் புதுமையாகும்.

மற்றொரு மாற்றமும் உண்டு. வட்டாக வாங்கிய விளையாட்டை ஆடி முடித்தபின் விற்கலாம். நண்பருக்கு இரவல் தரலாம். இணையம்வழி இறக்கிக்கொண்டதை அவ்வாறு செய்ய இயலாது. தன் பழைய கருவிகள் இரண்டிற்கான இணையக் கடையை நின்டெண்டோ 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூடியபின், அவற்றில் புதிதாக எதையும் வாங்க வழியில்லை. பிறரோடு இணையத்தில் ஆடுவதற்கும் ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. தீனியின் வகைகள் பெருகிவிட்டன.

வகுப்பறைக் கணக்கு

இனி, ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டே ஒரு கணக்குப் போடச் செய்யலாம். எளிமை கருதி எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கருவி 2,000 வெள்ளி. இரண்டாம் கைப்பிடி 250 வெள்ளி. ஆண்டுக்கு நான்கு விளையாட்டுகள், ஒன்று 250 வெள்ளி. ஆண்டுச் சந்தா 200 வெள்ளி. ஐந்தாண்டில் மொத்தச் செலவு 8,250 வெள்ளி. கடைச் சீட்டில் கண்ட தொகை அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு!

வாரத்திற்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் என ஐந்தாண்டும் ஆடினால் 1,250 மணி நேரம். ஒரு மணிக்கு 6 வெள்ளி 60 காசு. இரண்டு விளையாட்டோடு 25 வாரத்தில் சலித்து மூடிவைத்தால், பாதி ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துச் செலவு 2,850 வெள்ளி. ஆடியது 125 மணி நேரம். ஒரு மணிக்கு 22 வெள்ளி 80 காசு. கருவி ஒன்றே, விலையும் ஒன்றே, மதிப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இங்கே கூர்மையுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, “அப்படியானால் இரவெல்லாம் ஆடினால் இன்னும் மலிவாகுமே, ஐயா!” எனக் கேட்கக்கூடும். அவன் கணக்கிற் பிழையில்லை. கணக்கில் சேராத செலவொன்று உண்டு. உறக்கமும் படிப்பும் திடலில் ஓடியாடும் மாலைப்பொழுதும் எந்தக் கடைச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. அவற்றையும் செலவுப் பத்தியில் எழுதிய பிறகே மலிவு எது என்பதைக் கூற முடியும்.

ஆகவே, புதிய கருவி கேட்கும் பிள்ளையிடம் உடனே ஆம் என்பதும் இல்லை என்பதும் வேண்டா. மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்து, விடையை அவனையே எழுதி வரச் சொல்வோம். இதில் ஆட விரும்பும் விளையாட்டுகள் எவை? வீட்டில் உன்னோடு சேர்ந்து ஆடப்போகிறவர் யார்? இரண்டாம் ஆண்டின் செலவு எவ்வளவு? மூன்றுக்கும் தெளிந்த விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கருவி கிடைத்தாலும் நன்றே. கிடைக்காவிடினும் வீட்டின் வரவுசெலவை அவன் ஒருமுறை தன் கையாலேயே எழுதிப் பார்த்தவனாவான்.